மரியாவின் குரலையும் திரையிடுங்கள்

பாரிஸ், பெர்சியில் இருக்கும் திரைப்படக் காப்பகமான சினமாதேக் ஃப்ரான்சேஸின் திரையிடல் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

2024 டிசம்பரில், நடிகர் மார்லன் பிராண்டோ படங்களின் வரிசையில் இயக்குநர் பெர்டோலுச்சியின் ‘பாரிஸில் கடைசி டாங்கோ’வையும் சேர்த்திருந்தீர்கள். அதன் பலாத்காரக் காட்சி எடுக்கப்பட்ட விதத்துக்காக எதிர்ப்பு வந்தது. கலந்துரையாடலோடு திரையிடுகிறோம் என்றீர்கள். அப்புறம் பாதுகாப்பைக் காரணம் காட்டி ரத்து செய்துவிட்டீர்கள். அதைப் பாராட்டவோ கண்டிக்கவோ இந்த மடலை எழுதவில்லை. அந்தப் படத்தைத் திரையிடுங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன். ஆனால் அதைத் தனியாகத் திரையிடாதீர்கள்.

நான் அதை முதலில் பார்த்தது கல்லூரி நாட்களில், சென்னையில் ஒரு ஃபிலிம் சொசைட்டியில். படம் முடிந்ததும் பிராண்டோவின் நடிப்பைப் பற்றியும் ஸ்டோராரோவின் ஒளிப்பதிவைப் பற்றியும் வெகுநேரம் பேசினோம். அந்தப் பெண் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அது இன்றும் உறுத்துகிறது.

அவர் பெயர் மரியா ஷ்னைடர். 1972இல் இந்தப் படத்தில் நடிக்க வந்தபோது வயது 19. எதிரே ஐம்பதை நெருங்கிய, உலகமே அறிந்த நடிகர். பலாத்காரக் காட்சியில் வெண்ணெயைப் பயன்படுத்துவது என்று பெர்டோலுச்சியும் பிராண்டோவும் தங்களுக்குள் முடிவு செய்துகொண்டார்கள். மரியாவிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. திரையில் நடப்பது நடிப்புதான், ஆனால் தான் அழுதது நிஜமான அழுகை என்று 2007இல் ஒரு பேட்டியில் சொன்னார். அவமானப்பட்டதாகச் சொன்னார். இரண்டு ஆண்களும் சேர்ந்து தன்னைக் கொஞ்சம் பலாத்காரம் செய்ததுபோல் இருந்தது என்றும் சொன்னார். 2011இல் இறந்துபோனார்.

இதில் உங்களுக்கு ஒரு தனிப் பங்கு இருக்கிறது. மரியாவிடம் சொல்லாமல் விட்டதை பெர்டோலுச்சி விவரித்தது உங்கள் அரங்கில்தான், 2013இல், பார்வையாளர்களுக்கு முன்னால். மூன்று வருடம் கழித்து அந்தப் பேச்சு உலகம் முழுக்கப் பரவிக் கொதிப்பு எழுந்தபோது, திரைக்கதையைப் படித்த மரியாவுக்குக் காட்சியின் வன்முறை தெரியும், வெண்ணெய் மட்டும்தான் புதிது என்று விளக்கம் கொடுத்தார். சரி, அப்படியே இருக்கட்டும். அதையும் ஏன் அவரிடம் முன்பே சொல்லவில்லை? நடிகையின் எதிர்வினை வேண்டாம், ஒரு பெண்ணின் எதிர்வினையே வேண்டும் என்றுதான். அதை பெர்டோலுச்சியே சொன்னார். ஒரு நடிகையிடம் நடிப்பைக் கேட்காமல் அவர் உடம்பிலிருந்து நேராக எடுத்துக்கொள்வதை என்னால் படம் இயக்குவது என்று ஏற்க முடியவில்லை.

தடை கேட்பவர்களோடு நான் இல்லை. இத்தாலியில் 1976இல் நீதிமன்றம் இந்தப் படத்தின் பிரதிகளை அழிக்கச் சொன்னது. அதனால் மரியாவுக்கு என்ன கிடைத்தது? பிரான்சிலும் பார்த்தோம். விர்ஜினி தெபாந்த்தும் கோராலி ட்ரின் தியும் இயக்கிய ‘பேஸ்-முவா’ 2000 ஜூன் 28 அன்று வெளிவந்தது. மூன்றாம் நாளே, ஜூன் 30 அன்று, அரசின் உச்ச நிர்வாக நீதிமன்றம் அதன் அனுமதியை ரத்து செய்தது. பலாத்காரத்துக்கு ஆளான பெண்ணின் கோபத்தைப் பெண்களே படமாக எடுத்தபோது அதற்குக் கிடைத்த இடம் அவ்வளவுதான். 18 வயதுக்குட்பட்டோருக்கான தடைப் பிரிவை அடுத்த வருடம் மீண்டும் கொண்டுவந்த பிறகே அது அரங்குக்குத் திரும்பியது. தடை எந்தப் பக்கம் சாயும் என்று நமக்குத் தெரியும்.

அதனால் வேறொன்று கேட்கிறேன். நடிகை டெல்ஃபின் செய்ரிக் 1970களின் நடுவில் இருபதுக்கும் மேற்பட்ட நடிகைகளை உட்காரவைத்துப் பேசவிட்டு ஒரு படம் எடுத்தார். கரோல் ரூசோபூலோஸ் வீடியோ கேமராவைப் பிடித்தார். ‘அழகாய் இரு, வாயை மூடு’ என்று பொருள்படும் தலைப்பு. 1981இல்தான் வெளியானது. அதில் மரியா இருக்கிறார். டாங்கோவுக்குச் சில வருடங்கள் பிந்திய மரியா, சொந்த உடையில், சொந்த வார்த்தைகளில் பேசுகிறார். இரண்டு படங்களையும் ஒரே மாலையில் போடுங்கள். செய்ரிக்கின் படத்தை முதலில் போடுங்கள். முதலில் அந்தக் குரலைக் கேட்டவர்கள், பிறகு டாங்கோவின் அடுக்குமாடி வீட்டுக் காட்சிகளை வேறு மாதிரி பார்ப்பார்கள்.

செய்ரிக் அந்த நடிகைகளிடம் ஒரு கேள்வி கேட்கிறார்: இன்னொரு பெண்ணோடு அன்பான ஒரு காட்சியில் நடித்திருக்கிறீர்களா? இந்தக் கேள்வியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு செலின் சியாமாவின் 2019ஆம் வருடப் படம்தான் நினைவுக்கு வரும், தீப்பற்றிய பெண்ணின் ஓவியம். அதில் வேலைக்காரப் பெண் சோஃபி கருக்கலைப்புக்காகப் படுத்திருக்கிறாள். பக்கத்தில் கிடக்கும் குழந்தை அவள் கையைத் தொட்டு விளையாடுகிறது. ஓவியம் வரைபவள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ‘பார்’ என்கிறாள் அவள் காதலி. அன்றிரவே அதை வரைய வைக்கிறாள். பெண்ணுடலைப் பற்றி இவ்வளவு துணிச்சலான காட்சியை நான் அதிகம் பார்த்ததில்லை. அதற்காக யாரையும் ஏமாற்ற வேண்டியிருக்கவில்லை.

சம்மதம் கேட்க ஆரம்பித்தால் துணிச்சலான சினிமா செத்துவிடும் என்று சொல்பவர்களுக்கு ஜூலியா துகுர்னோவின் ‘தித்தான்’ போதும். வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டி ஆணாக வாழும் கர்ப்பிணி, உடம்பிலிருந்து கசியும் எஞ்சின் ஆயில். அதற்குத்தான் 2021இல் கான் திரைப்பட விழாவின் உயரிய விருதான தங்கப்பனை கிடைத்தது.

2013இல் பெர்டோலுச்சி பேசிய பதிவையும் அந்த மாலையில் போடுங்கள். அறிவிப்புப் பலகையில் பிராண்டோவின் பெயர் இருக்கும் அதே அளவு எழுத்தில் மரியா ஷ்னைடரின் பெயரும் இருக்கட்டும். தேதியைச் சொல்லுங்கள், நான் வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் அரங்கின் பார்வையாளர் ஒருவர்