மூன்றாம் இரவைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலகத் தாய்ப்பால் வாரத்தையொட்டித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். தாய்ப்பாலின் நன்மைகளாக அதில் சொல்லியிருந்த எதையும் நான் மறுக்கவில்லை. முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்வதும் எனக்கு உடன்பாடுதான். ஆனால் கொடுக்க மனமிருந்தால் பால் தானாக ஊறும் என்கிற பொருளில் ஒரு வரி வந்திருந்ததே, அதுதான் என்னை எழுத உட்கார வைத்தது. எனக்கு மனமிருந்தது. மூன்று நாள் பால் ஊறவில்லை.

எனக்கு அது முதல் பிரசவம், அதுவும் சிசேரியன். இரண்டுமே பால் இறங்குவதைத் தாமதப்படுத்தக் கூடியவை என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. தொடக்கத்தில் சுரக்கும் சீம்பால் ஒரு வேளைக்குச் சில துளிகள், மிஞ்சிப்போனால் ஒரு சின்ன ஸ்பூன் அளவுதான். பிறந்த குழந்தையின் வயிற்றுக்குப் பெரும்பாலும் அதுவே போதும். பால் பெருகி வர 2 முதல் 4 நாள் பிடிக்கும். இதெல்லாம் நான் பிறகு தெரிந்துகொண்டவை. பார்க்க வந்தவர்களோ ஒருவர் விடாமல் "பால் போதவில்லையோ?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

மூன்றாம் இரவு மணி இரண்டரை இருக்கும். மாலையில் கட்டிய துணி அப்படியே காய்ந்து கிடந்தது. அதை விரலால் தடவித் தடவிப் பார்த்தேன். அழுது ஓய்ந்த குழந்தை தூங்குகிறது என்றுதான் நினைத்தேன். பால் போதாமல் சோர்ந்த குழந்தையும் அப்படித்தான் தூங்கும் என்பது எனக்கெங்கே தெரியும்? "பிள்ளை காய்கிறதம்மா, பிடிவாதத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றார் மாமியார். எடை போட்டார்கள். 3 கிலோவாகப் பிறந்தவள் 2 கிலோ 680 கிராம் இருந்தாள். முதல் நாட்களில் எடை சற்று இறங்குவது வழக்கம்தான்; பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

ஒவ்வொரு முறையும் முதலில் மார்பில் விட்டு, அதன் பிறகு சிறு கிண்ணத்தால் பவுடர் பால் புகட்டச் சொன்னார் மருத்துவர். அன்றிரவு ஒரு செவிலியர் அரை மணி நேரம் என் அருகிலேயே உட்கார்ந்திருந்தார். வாயை அகலத் திறக்கும்வரை காத்திருந்து, காம்போடு அதைச் சுற்றியுள்ள கருவட்டத்தையும் சேர்த்துக் கவ்வ வைத்தார். உறிஞ்சும்போது கன்னம் குழிந்தால் பிடி சரியில்லை என்று காட்டினார். நாலாம் நாள் மாலை மார்பு கல்லாய்க் கனத்தது. பன்னிரண்டாம் நாள் பிறந்த எடையைத் தொட்டாள்.

பவுடர் பாலை எப்படிக் கரைப்பது என்று கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. சொன்னாலே பாவம் என்று நினைத்தீர்களோ என்னவோ! பிரிக்காத டப்பாவில் இருக்கும் பவுடரிலும் கிருமி இருக்கலாம். அதனால் கொதித்து இறக்கிய தண்ணீர் 70 டிகிரிக்குக் கீழே ஆறிவிடுவதற்குள் கலக்கி, பிறகு ஆறவைத்துப் புகட்ட வேண்டும். கலக்கியதை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைத்துக் கொடுக்கக் கூடாது. குழந்தை வாய் வைத்த மீதியைக் கொட்டிவிட வேண்டும். டப்பா சீக்கிரம் தீர்கிறதே என்று தண்ணீரைக் கூட்டவே கூடாது.

தாய்மார்களிடம் பவுடர் பாலை விளம்பரம் செய்யக் கூடாது என்ற 1981ஆம் ஆண்டின் சர்வதேச விதிமுறை அவசியமானது. இலவச டப்பா வந்தால் மார்பில் விடுவது குறையும், குறைந்தால் சுரப்பும் குறையும். டப்பா தீரும்போது தாயிடம் பால் இருக்காது. ஆனால் அதே விதிமுறைதான் கரைக்கும் முறையைத் தெளிவாக அச்சிட வேண்டும் என்றும் கேட்கிறது.

என் தோழி ஒருத்தி புற்றுநோய்க்கு மருந்து எடுத்துக்கொள்கிறாள். தாய்ப்பால் கொடுக்கக் கூடாது. வெளியே போனால் புட்டியைத் துண்டில் சுற்றிப் பையின் அடியில் வைத்துக்கொள்கிறாள். அவளும் உங்கள் கட்டுரையைப் படித்தாள்.

அடுத்த இதழில் அரைப் பக்கம் ஒதுக்கினால் போதும். நனையும் துணியை எண்ணச் சொல்லுங்கள்: முதல் நாள் 1, இரண்டாம் நாள் 2 என்று கூடி, ஐந்தாம் நாளிலிருந்து 6க்குக் குறையாமல் இருக்க வேண்டும். குறைந்தால் இரவென்றும் பாராமல் மருத்துவரை எழுப்பச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஐந்து மாதக் குழந்தையின் தாய்
(பெயர் வெளியிட வேண்டாம்)