அரை அவுன்ஸ் ஜிக் நம் கோடைக்கால ஆற்றுக்கு ஆகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வட அமெரிக்க ஆறுகளில் இலையுதிர் காலத்தில் வால்ஐ என்ற வேட்டை மீனை ஜிக் (ஈயத் தலை வைத்த தூண்டில் முள்; அதில் ரப்பர் மீனைக் கோத்து ஆட்டுவார்கள்) போட்டுப் பிடிப்பது பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரையைப் படித்தேன். தூண்டில் கலையைப் பற்றித் தமிழில் இவ்வளவு விவரமாக எழுதுவோர் குறைவு. அதனாலேயே பலர் அதைக் கத்தரித்து வைத்துக்கொண்டு ஆற்றுக்குக் கிளம்புவார்கள். அப்படிக் கிளம்பினால் இரண்டு இடத்தில் இடறும். ஒன்று, கட்டுரை சொல்லும் மாதம். மற்றொன்று, ஜிக்கின் எடை.

முதலில் மாதம். அங்கே செப்டம்பர், அக்டோபரில் ஆறு வற்றி, ஓட்டம் மெலிந்து, தண்ணீர் தெளிந்து கிடக்கும். மலேசியாவில் நமக்கு அக்டோபரும் நவம்பரும் அடைமழை மாதங்கள். தீபகற்பத்தின் மேற்குக் கரையில் மாலைக்கு மாலை இடி இடித்துக் கொட்டும்; எங்கள் பேராக்கின் சுங்கை பிளஸ் ஆறு தே தாரேக் (பால் தேநீர்) நிறத்தில் நுரைத்துக்கொண்டு போகும். அந்தக் கலங்கலில் கட்டுரையில் சொன்ன மெல்லிய ஆட்டம் எதையும் மீன் பார்க்கப் போவதில்லை. மந்த ஓட்டத்து ஜிக் ஆட்டத்துக்கு நம் பக்கத்தில் ஏற்ற காலம் ஜனவரிக் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை; அதை விட்டால் ஜூன், ஜூலை. மழை விட்டு நாலைந்து நாள் கழிந்து, முழங்கால் ஆழத்தில் நிற்கும்போது உங்கள் கால்விரல் உங்களுக்கே தெரிந்தால் தண்ணீர் தயார்.

ஓட்டம் மெலிவது இரண்டு இடத்திலும் ஒன்றுதான் என்றாலும் மீன் மந்தமாவதற்குக் காரணம் வேறு. அங்கே தண்ணீர் குளிர்ந்துகொண்டே போகும். குளிரில் மீனின் உடல் இயக்கம் தணியும். அது ஆழமான மடுவில் கூட்டமாக ஒதுங்கும். இங்கே தண்ணீர் குளிர்வதில்லை. வற்றிய ஆறு வெயிலில் இன்னும் சூடாகும். சூடான தண்ணீரில் பிராணவாயு குறைவாகவே கரையும். அதனால் நம் மீன் மூச்சுக்கு வசதியான இடம் தேடிப் போகிறது: பாறைகளில் மோதிச் சலசலத்து வரும் தண்ணீர் மடுவில் விழும் வாய், நிழலில் ஓடிவரும் சிற்றோடை ஆற்றில் சேரும் மூலை, பாலத் தூணுக்குப் பின்னால் உள்ள சுழி, மூங்கில் புதர் கவிந்த கரையோரம். நண்பகலில் நடு மடுவில் நூறு முறை வீசுவதைவிட இந்த இடங்களில் பத்து வீச்சு மேல்.

வால்ஐ மீனின் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் உண்டு. மங்கிய வெளிச்சத்தில் அது இரையைவிட நன்றாகப் பார்க்கும். அந்தியிலும் இரவிலும் வேட்டையாடும். கட்டுரை அந்திப் பொழுதை வலியுறுத்தியது சரிதான். நம் ஆற்றில் அந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டியவை மூன்று மீன்கள். செபராவ், முதுகுத் துடுப்பிலிருந்து வயிறு நோக்கி இறங்கும் கறுப்புப் பட்டையால் அடையாளம் தெரியும். விடியலிலும் மாலை ஐந்தரைக்கு மேலும் சிறு மீன்களை விரட்டும். கெத்துத்து என்ற தரைவாழ் மீன் பகலெல்லாம் மூழ்கிய கட்டைக்கு அடியில் அசையாமல் கிடந்து இரவில்தான் வாய் திறக்கும். பாவுங் என்ற கெளுத்தி வாசனை பிடித்து வரும். மூன்றையும் ஒரே ஜிக்கால் பிடிக்கலாம், ஆட்டும் வேகம்தான் மாறும்.

இனி எடை. நான் எழுத வந்ததே இதற்காகத்தான். கட்டுரை கால் அவுன்ஸ், அரை அவுன்ஸ் என்று எழுதிவிட்டுப் போய்விட்டது. நம் ஊர்க் கடைகளில் ஜிக் பொட்டலத்தின் மேல் கிராம் கணக்கைத்தான் பார்க்கிறோம். பதினாறில் ஒரு அவுன்ஸ் ஏறக்குறைய 1.8 கிராம், எட்டில் ஒன்று 3.5, கால் அவுன்ஸ் 7, அரை அவுன்ஸ் 14. ஆழமும் ஓட்டமும் உள்ள பெரிய ஆறுகளில், அணைக்குக் கீழே, படகிலிருந்து நேர்க்கீழாக இறக்குபவர்களுக்குத்தான் 14 கிராம் தேவைப்படும். அவர்களே கூட மந்தமான தண்ணீரில் பத்தடி ஆழத்துக்கு எட்டில் ஒரு அவுன்ஸ் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். மூன்று மீட்டருக்கு 3.5 கிராம். வற்றிய காலத்தில் நம் ஆற்று மடுக்கள் பல அந்த ஆழமே வராது. இடுப்பளவு, கழுத்தளவு தண்ணீருக்கு 1.8 முதல் 3.5 கிராம், பாலத்தடி ஆழத்துக்கும் சுழிக்கும் 5 கிராம். 7 கிராமை மழை பெய்த மறுநாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இதை நம்ப முடியாதவர்கள் கரையோரத்தில் தெளிந்த தண்ணீரில் செய்து பார்க்கலாம். முழங்கால் ஆழத்தில் 7 கிராம் ஜிக்கை விடுங்கள். சரேலென்று இறங்கி மணலில் குத்தி, ஒரு சின்னப் புழுதி கிளப்பி, அப்படியே கிடக்கும். ரப்பர் வால் ஒரு தரம்கூட அசைந்திருக்காது. அதே ரப்பரை 1.8 கிராம் ஜிக்கில் கோத்து விடுங்கள். தலை சற்றுத் தாழ, வால் துடிதுடிக்க, அடிபட்ட குஞ்சு மீன் இறங்குவதுபோல் இறங்கும். மீன் பெரும்பாலும் ஜிக் இறங்கும்போதுதான் கவ்வும். ஆக, அந்த இறக்கம் எத்தனை நொடி நீடிக்கிறதோ அத்தனை நொடிதான் உங்களுக்கு வாய்ப்பு. கனமான ஜிக் அந்த நொடிகளைத் தின்றுவிடுகிறது. போதாததற்குக் கல் இடுக்கில் போய் மாட்டிக்கொள்கிறது.

எடையைக் குறைத்தால் வீச முடியவில்லை, அடி தட்டுவது தெரியவில்லை என்பார்கள். குற்றம் எடையில் இல்லை, நூலில் இருக்கிறது. தடித்த தங்கூசியில் (நைலான் நூலில்) 3.5 கிராமைக் கட்டினால் ஓட்டம் நூலைப் பிடித்து இழுக்கும். நூல் வில்லாக வளையும். ஜிக் அடியில் நில்லாமல் மிதந்து போகும். 8 முதல் 10 பவுண்டு பின்னல் நூல் போதும். அதன் நுனியில் 10 பவுண்டு ஃபுளோரோகார்பன் (தண்ணீரில் எளிதில் தெரியாத நூல்) ஒன்றே கால் மீட்டர் நீளம் சேருங்கள். தெளிந்த தண்ணீரில் பின்னல் நூல் மீனின் கண்ணுக்குத் தெரியும் என்பதால் முழ அளவு போதாது. ஆறடி அல்லது ஆறரை அடிக் கோல், நுனி மெல்லியதாக, அடி விறைப்பாக. 2000 எண் ரீல். ரீலின் பிரேக்கை ஒன்றேகால் கிலோ இழுப்புக்கு நூல் விடும்படி வையுங்கள். செபராவ் முதல் ஓட்டத்தில்தான் நூலை அறுக்கும். அதன் தாடையில் பல் இல்லை, தொண்டையில்தான் உண்டு. கம்பி நூல் கட்ட வேண்டாம். கட்டினால் ஜிக்கின் அசைவு செத்துவிடும். கூரிய பல் கொண்ட தோமான் (பெரிய விரால் வகை) உள்ள குளம் என்றால் கதை வேறு.

ரப்பர் மீனைக் கோப்பதில்தான் புதியவர்கள் அதிகம் தவறுகிறார்கள். ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் நீளம் போதும். கோப்பதற்கு முன் ஜிக்கை அதன் பக்கத்தில் வைத்து, முள்ளின் வளைவு எங்கே வருகிறது என்று பார்த்து, அந்த இடத்தில் நகத்தால் கீறி வையுங்கள். மூக்கின் நட்டநடுவில் முள்ளைக் குத்தி, உடலின் நடுவழியே ஏற்றி, கீறிய இடத்தில் முதுகுப் பக்கம் வெளியே எடுக்க வேண்டும். பிறகு ஜிக்கின் கண்ணைப் பிடித்துத் தொங்கவிட்டுப் பாருங்கள். ரப்பர் நேராக நிற்க வேண்டும். எங்காவது சுருங்கியோ ஒரு பக்கம் வளைந்தோ இருந்தால் தண்ணீரில் பம்பரமாகச் சுற்றும். நூல் முறுக்கேறி, பத்தாவது வீச்சில் ரீலிலிருந்து கொத்தாக வெளியே வரும். சோம்பல் படாமல் உருவிவிட்டு மறுபடி கோத்துவிடுங்கள். தண்ணீர் தெளிவாக இருந்தால் சாம்பல், வெள்ளை, மங்கிய பச்சை. லேசாகக் கலங்கியிருந்தால் எலுமிச்சை மஞ்சள். நிறத்துக்கு இதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை. பாவுங்குக்கு மட்டும் முள்ளில் ஒரு துண்டு இறால் சேருங்கள்.

வீசுவது ஓட்டத்துக்கு எதிராக, சாய்வாக. ஜிக் தண்ணீரைத் தொட்டதும் கோல் நுனியைத் தாழ்த்தி, நூலை இழுக்காமலும் துவள விடாமலும் பிடித்து மனத்துக்குள் எண்ணுங்கள். ஜிக் தரை தட்டும் கணத்தில், அதுவரை லேசான விறைப்பில் இருந்த நூல் தொய்ந்து தண்ணீர் மேல் படியும். அது ஆறாவது எண்ணில் நடந்தது என்று வையுங்கள். அதே இடத்தில் அடுத்த வீச்சிலும் ஆறில்தான் தொய வேண்டும். நான்கிலேயே தொய்ந்தால் ஜிக் தரைக்குப் போகவில்லை, நடுவழியில் ஒரு வாய்க்குள் போய்விட்டது. உடனே மணிக்கட்டால் சுண்டித் தூக்குங்கள். நூல் பக்கவாட்டில் ஒரு விரல் அகலம் நகர்ந்தாலும் அப்படியே. 'டொக்' என்று கைக்குத் தெரியட்டும் என்று காத்திருப்பவர் பாதி மீனை விட்டுவிடுவார். கெத்துத்து ஜிக்கை உறிஞ்சி இழுத்து, பிடிக்காவிட்டால் அதே வேகத்தில் துப்பிவிடும்.

தரை தட்டியதும் கோல் நுனியை ஒரு சாண் உயர்த்தி, ஜிக் இறங்கும் வேகத்திலேயே கோலையும் இறக்குங்கள். மூன்று முதல் ஐந்து நொடி சும்மா விடுங்கள். ரீலை ஒரு சுற்று. மீண்டும் ஒரு சாண். செபராவுக்கு இரண்டு சாண் தூக்கி, நிறுத்தாமல் அடுத்ததுக்குப் போகலாம். கெத்துத்துக்கு நாலு விரல் தூக்கினால் போதும், பத்து நொடி நிறுத்த வேண்டும். வழக்கமான தவறு, அடி தெரிய வேண்டும் என்று ரீலைச் சுற்றிக்கொண்டே இருப்பது. சுற்றச் சுற்ற ஜிக் மேலேறி நடுத் தண்ணீரில் நீந்தும், தரையில் கிடக்கும் மீனுக்கு அது எட்டாது.

ஜிக் மாட்டிக்கொண்டால் கோலை வளைத்து இழுக்காதீர்கள், முனை முறியும். கோல் நுனியை ஜிக் இருக்கும் திசைக்கு நீட்டி, நூலை விறைப்பாக்கி, ரீலுக்கும் முதல் வளையத்துக்கும் நடுவே நூலை நாணேற்றுவதுபோல் விரலால் இழுத்துச் சட்டென்று விடுங்கள். இரண்டு மூன்று முறையில் பெரும்பாலும் கழன்றுவிடும். கழலாவிட்டால் ஜிக் விழுந்த பக்கத்துக்கு எதிர்ப்புறமாக, ஓட்டத்தின் மேல்பக்கம் நடந்து போய் இழுங்கள். கடைசி வழியாக நூலை ஒரு குச்சியில் சுற்றி நேராக இழுக்கலாம்; மெல்லிய முள்ளாக இருந்தால் அது நிமிர்ந்து வெளியே வந்துவிடும். கையில் சுற்றினால் பின்னல் நூல் எலும்பு வரை அறுக்கும். நிமிர்ந்த முள்ளைக் குறட்டால் இரண்டு தடவை வளைக்கலாம், மூன்றாவது தடவை மீனோடு முறியும். கல்லில் உரசிய முள்ளைக் கட்டைவிரல் நகத்தின் மேல் வைத்து லேசாக இழுத்துப் பாருங்கள். கீறிக்கொண்டு நின்றால் கூர் இருக்கிறது. வழுக்கினால் அரத்தை எடுங்கள்.

ஜிக்கின் விலையை மிச்சம் பிடிக்க வீட்டிலேயே ஈயம் காய்ச்சி வார்ப்பவர்கள் உண்டு. அதை எப்படியாவது நிறுத்த வேண்டும். ஈயம் 327 டிகிரியில் உருகும். அச்சில் ஒரு துளி ஈரம் இருந்தாலும் வெடித்து முகத்தில் தெறிக்கும். பழைய பேட்டரியின் ஈயத்தைச் சமையல் அடுப்பில் காய்ச்சுவது இன்னும் கொடுமை. அந்தப் புகையும் தூசியும் வீட்டுப் பிள்ளைகளின் உடம்புக்குள் போகும், ஈயம் வளரும் பிள்ளையின் மூளையைக் கெடுக்கும். கடையில் வாங்கிய ஜிக்கையும் பல்லால் கடிக்காதீர்கள்; கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.

வறண்ட மாதம் என்று நம்பி ஆற்றின் நடுத்திட்டில் நிற்பதும் ஆபத்து. இங்கே வெயில் அடித்தாலும் மலையில் மழை பெய்திருக்கும். தண்ணீர் திடீரென்று கலங்கி, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால் அது கெப்பாலா ஆயர், மலையிலிருந்து பாய்ந்து வரும் திடீர் வெள்ளம். பையைத் தேடாமல் கரையேறுங்கள். பேராக் ஆற்றில், 1930இல் கட்டி முடித்த செண்டெரோ அணைக்குக் கீழே, மழையே இல்லாமலும் மட்டம் ஏறும்; மின் உற்பத்திக்குத் தண்ணீர் திறந்தால் மணல் திட்டு மூழ்கிவிடும். பாவுங்கின் பக்கத் துடுப்பிலும் முதுகிலும் உள்ள முள் ஆழமாகக் குத்தும். கையால் பிடிக்காமல் குறட்டால் தாடையைப் பிடித்து முள்ளைக் கழற்றுங்கள்.

ஆசிரியர் அவர்கள் அடுத்த ஞாயிறு மலரில் எடைகளைக் கிராமில் திருத்தி, அக்டோபர் என்பது நம் ஊருக்குப் பொருந்தாது என்று ஒரு வரி சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஜூனில் தண்ணீர் வற்றுவதற்குள் அது வந்தால் பலருக்கும் பயன்படும்.

இப்படிக்கு,
வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்.