தினம் 30 பொருள்

அன்புள்ள சேகர்,

பதில் போடாததற்கு நீ திட்டியதெல்லாம் வரவு வைத்துக்கொண்டேன். இங்கே எல்லோரும் நலம். விஷயத்துக்கு வருகிறேன்.

வருடக் கடைசியில் குடோனை இரண்டு நாள் இழுத்து மூடி, கணக்குப் பிரிவு ஆட்களையும் இறக்கி மொத்த ஸ்டாக்கையும் எண்ணப் போகிறாயாமே. வேண்டாம்டா. எந்த போல்ட் எந்த அளவு என்று தெரியாதவர் ராத்திரி பதினொரு மணிக்கு எண்ணினால் புதுத் தப்புதான் சேரும். அப்படியே 40 குறைகிறது என்று தெரிந்தாலும், அது எந்த மாதம் நழுவியது என்று எப்படிக் கண்டுபிடிப்பாய்?

தினமும் கொஞ்சம் எண்ணு. 2000 வகை இருக்கிறது என்று வை. பண மதிப்பில் மேலே நிற்கும் 200-ஐ மாதம் ஒரு முறை, அடுத்த 600-ஐ மூன்று மாதத்துக்கு ஒரு முறை, மிச்சம் 1200-ஐ ஆறு மாதத்துக்கு ஒரு முறை. ஒவ்வொரு பிரிவுக்கும் வருடம் 2400 தடவை எண்ணல், ஆக 7200. வேலை நாள் 240 என்றால் தினம் 30. விலையை மட்டும் பார்க்காதே. அற்ப வாஷர் இல்லாமல் லைன் நிற்கும் என்றால் அதுவும் முதல் 200-இல் வரட்டும்.

எண்ணுபவர் கையில் உள்ள தாளில் பொருளும் இடமும் போதும். சிஸ்டம் இருப்பைக் காட்டாதே. 96 என்று பார்த்துவிட்டால் அப்புறம் கண்ணுக்கு 96தான் தெரியும். முதல் லாரிக்கு முன்பே எண்ணிவிடு. வந்து இறங்கி என்ட்ரி ஆகாதது, எடுத்துவைத்து பில் ஆகாதது இரண்டையும் தனியே குறி. இல்லாத வித்தியாசமெல்லாம் அங்கேதான் பிறக்கும்.

வித்தியாசம் வந்ததும் சிஸ்டத்தில் திருத்தாதே! இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். முதலில் வேறொருவர் மறுபடி எண்ணட்டும். பிறகு எண்களையே கேள். பெட்டிக்கு 12 பீஸ் என்றால், வித்தியாசம் 11, 22, 33 என்று வரும்போது யாரோ ஒரு பெட்டியை 12 என்று போடாமல் ஒரு பீஸாகப் பதிந்திருக்கிறார்கள். சரியாக 12 என்றால் ஒரு பெட்டி எங்கோ ஒளிந்திருக்கிறது. 9-ஆல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறி 63-ஐ 36 என்று தட்டியிருக்கலாம். ஒன்றில் 5 கூடி, அதே ஜாடையில் உள்ள இன்னொன்றில் 5 குறைந்தால் மாற்றி அனுப்பியாயிற்று. வாடிக்கையாளர் கூப்பிடுவதற்குள் நீ கூப்பிடு. காரணம் கிடைத்த பிறகு திருத்து, காரணத்தையும் பதிந்து வை. எல்லாவற்றுக்கும் "எண்ணிக்கைப் பிழை" என்று முத்திரை குத்தினால் உனக்கும் மணி அண்ணனின் "எங்கேயாவது இருக்கும்பா"வுக்கும் என்ன வித்தியாசம்?

முதலாளியிடம் வித்தியாசத்தைப் பணக்கணக்கில் காட்டாதே. கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று தின்று, எல்லாம் சரி என்று பல்லிளிக்கும். 30-இல் 27 பொருந்தினால் 90 சதவீதம் என்று சொல், போதும்.

எடுத்த எடுப்பில் 2000-ஐயும் தொடாதே. அதிகம் நகரும் 20 பொருளை மட்டும் இரண்டு வாரம் தினமும் எண்ணு. வித்தியாசம் வந்தால் முந்தைய ஒரு நாள் வரவு செலவைப் புரட்டினால் பிடித்துவிடலாம். எந்த 20 என்று எழுதி அனுப்பு, பார்க்கிறேன். மணி அண்ணனிடம் இந்தக் கடிதத்தைக் காட்டிவிடாதே.

உன்,
ரகு