பச்சை டிக் காட்டிக்கொண்டே என் கம்ப்யூட்டரைக் கைவிட்ட உங்கள் ஆன்டிவைரஸ் குறித்துப் புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இது என்னுடைய ஆறாவது புகார். முதல் ஐந்துக்கும் டிக்கெட் எண் வந்தது, இரண்டு நாள் கழித்து 'தீர்க்கப்பட்டது' என்று எஸ்எம்எஸ் வந்தது. எதுவும் தீரவில்லை. அதனால் இதை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புகிறேன்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டிலேயே டைப்பிங், டிடிபி வேலை செய்து பிழைக்கிறேன். கலெக்டர் ஆபீஸ் மனுவோ, அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வேடோ, வருகிற எல்லோர் கையிலும் ஒரு பென் டிரைவ் இருக்கும். அந்தப் பயத்தில்தான் போன ஜூன் மாதம் ரூ. 1,349 கட்டி உங்கள் ஆன்டிவைரஸைப் புதுப்பித்தேன். புது லைசென்ஸ் கீ (புதுப்பித்ததும் தரும் எண்) போட்டேன், பச்சை டிக் வந்தது, மீதி நாள் கணக்கும் சரியாக ஓடியது. நவம்பரில் ஒரு பென் டிரைவைச் செருகியதும் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறின. கம்ப்யூட்டரின் டி டிரைவிலும் அதே கதி. அப்போதுதான் அப்டேட் பக்கத்தைப் பார்த்தேன். கடைசியாக அப்டேட் ஆனது ஆகஸ்ட் 11. மூன்று மாதமாகப் புது வைரஸ் எதுவும் அதற்குத் தெரியாது, ஆனாலும் முகப்பில் 'உங்கள் கணினி பாதுகாப்பாக உள்ளது' என்றே இருந்தது.

உங்களுடையதைப் போட்டால் விண்டோஸோடு இலவசமாக வரும் டிஃபெண்டர் ஆன்டிவைரஸ் ஒதுங்கிவிடும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அதையும் ஒதுக்கிவிட்டு, நீங்களும் காவல் காக்காவிட்டால் என் கம்ப்யூட்டருக்கு யார்தான் இருந்தார்கள்?

உங்கள் ஹெல்ப்லைனில் முதலில் பேசியவர் நெட் சரியில்லை என்றார். அதே நெட்டில்தான் உங்கள் சாட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அடுத்தவர், 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு ஆதரவு நின்றுவிட்டது, அதனால்தான் என்றார். என்னுடையது விண்டோஸ் 11. மூன்றாவதாகப் பேசியவரை என்னால் மறக்கவே முடியாது. "பென் டிரைவ்ல வர்றதுக்கெல்லாம் நாங்க பொறுப்பில்ல மேடம். வீட்ல ஆம்பளைங்க யாராவது இருந்தா போனைக் குடுங்க, சொல்றேன்" என்றார். பதினான்கு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன் ஐயா. அந்தப் பேச்சு உங்கள் பதிவில் இருக்கும், தயவுசெய்து போட்டுக் கேளுங்கள். கடைசியில் அவர் சொன்னது, "ஃபார்மேட் பண்ணிடுங்க, வேற வழியில்ல."

அவரை நம்பிக் கம்ப்யூட்டரின் சி, டி இரண்டு டிரைவையும் ஃபார்மேட் செய்தேன். மறுநாள் பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையன் வந்து, அந்தப் பென் டிரைவைப் போட்டு, கட்டளை டைப் செய்யும் கமாண்ட் பிராம்ப்ட் திரையில் ஒரே ஒரு வரி அடித்தான். மறைந்திருந்த ஃபோல்டர்கள் அத்தனையும் வந்துவிட்டன. அந்த வைரஸ் எதையும் அழிக்கவில்லை, ஒளித்துத்தான் வைத்திருந்தது. அழித்தது உங்கள் ஆள் சொன்ன யோசனை. 240 பக்க ஆய்வேடு, திருமணப் பத்திரிகை மாதிரிகள், இறந்துபோன என் அப்பாவின் படங்கள், எல்லாம் போயிற்று. என் பதினான்கு வருட உழைப்பே போயிற்று என்றுதான் சொல்வேன். இதற்கு எத்தனை லட்சம் கொடுத்தாலும் ஈடாகாது.

புதுச்சேரி அலைச்சலை இன்னும் சொல்லவில்லை. ஃபார்மேட் செய்த பிறகும் கீ ஏறவில்லை, 'ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது' என்றே வந்தது. சிபியுவை எடுத்துக்கொண்டு புதுச்சேரி சர்வீஸ் சென்டருக்குப் போகச் சொன்னது உங்கள் ஹெல்ப்லைன்தான். கொட்டும் மழையில் அதைப் பாலித்தீனில் சுற்றி, அரிசிப் பையில் போட்டு, தவளக்குப்பம், அரியாங்குப்பம் வழியாக நெரிசலான பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். மதியம் மூடிவிடுவார்கள் என்று 11 மணிக்கே போய் நின்றேன். அங்கிருந்தவர் பையைக்கூடப் பிரிக்கவில்லை. "இங்க சேல்ஸ் மட்டும்தான், சர்வீஸ் எல்லாம் ஆன்லைன்" என்றார். உட்காரச் சொல்லவும் இல்லை. பஸ், ஆட்டோ எல்லாம் சேர்த்து ரூ. 410 செலவு, ஒரு நாள் வேலையும் கெட்டது.

உங்கள் நிறுவனத்தின் மேல் எனக்கு விரோதம் இல்லை. நாலு வருடம் உங்களுடையதையே வாங்கினேன், என்னிடம் வருபவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன். ரூ. 1,349-ஐத் திருப்பித் தாருங்கள், நஷ்ட ஈடாக ரூ. 50,000 தாருங்கள். அந்த ஊழியர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். முதல் இரண்டில் நாள் கூடக் குறையப் பேசலாம், மூன்றாவதை விட மாட்டேன்.

15 நாளில் பதில் வராவிட்டால் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்வேன். அப்புறம் கடலூர் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், இந்தத் தொகைக்கு மனுக் கட்டணமும் கிடையாது. சுயதொழில் செய்து பிழைப்பவரும் அந்தச் சட்டத்தில் நுகர்வோர்தான். மனுவை நானே டைப் செய்துகொள்வேன்.

ரசீது, ஆகஸ்ட் 11 தேதி தெரியும் திரையின் படம், ஐந்து டிக்கெட் எண்கள், பஸ் டிக்கெட் ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன். பதிலைக் கடிதமாகவே அனுப்புங்கள். போன் செய்ய வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.