ஏழரை மில்லியில் வந்த மஞ்சள் நிறம்

அன்புள்ள நண்பா,

நலம், நீயும் வீட்டில் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் இரண்டு கடிதங்களுக்கும் நான் பதில் எழுதாததற்குரிய வசவை அடுத்த கடிதத்தில் வைத்துக்கொள். இப்போது நான் சொல்ல வந்ததைக் கேள்.

பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கு, 0.1 மோலார் அசிட்டிக் அமிலம் 25 மில்லியை அதே செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடு காரம் கொண்டு தரம்பார்க்க, அதாவது அமிலம் முழுவதும் தீர எவ்வளவு காரம் வேண்டும் என்று அளக்க, கொடுத்திருந்தேன். எல்லோருக்கும் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விடும் பியூரெட்டின் அளவு 25 மில்லியை ஒட்டி வந்துகொண்டிருக்க, கடைசி மேசை மாணவன் ஒருவன் மட்டும் ஏழரை மில்லியிலேயே கரைசல் முழுக்க மஞ்சளாகிவிட்டது என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றான். அமிலம் தீர்ந்ததை நிறம் மாறிக் காட்டும் நிறங்காட்டியாக, பினாப்தலினுக்குப் பதிலாக மெத்தில் ஆரஞ்சை விட்டிருக்கிறான். நம் பழைய ஆசிரியராக இருந்திருந்தால் குடுவையோடு அவனையும் சேர்த்துக் கழுவியிருப்பார்! எனக்கோ அன்றைய பாடமே அந்தக் குடுவையில் இருப்பதாகத் தோன்றியது. ஏனெனில் நிறம் ஒரே சொட்டில் மாறாமல், சிவப்பிலிருந்து ஆரஞ்சாகி மெல்ல மெல்ல மஞ்சளானதை அவன் கவனித்து எழுதியும் வைத்திருந்தான்.

அதே மாணவனை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை இரண்டு நிறங்காட்டிகளாலும் தரம்பார்க்கச் சொன்னேன். இரண்டிலும் 25 மில்லிதான் வந்தது. வலிமைமிகு அமிலத்தில் 24.95 மில்லியில் பி.எச். (7க்குக் கீழே அமிலம், மேலே காரம்) ஏறத்தாழ 4 ஆகவும் 25.05 மில்லியில் 10 ஆகவும் இருப்பதால், 3.1 முதல் 4.4 வரை நிறம் மாறும் மெத்தில் ஆரஞ்சும், 8.3 முதல் 10 வரை மாறும் பினாப்தலினும் அந்த ஓரிரு சொட்டுக்குள்ளேயே மாறி முடித்துவிடுகின்றன. அசிட்டிக் அமிலமோ தொடங்கும்போதே 2.9இல் இருக்கிறது, அமிலத்தில் மூன்றில் ஒரு பங்குகூட நடுநிலையாகும் முன்பே, மெத்தில் ஆரஞ்சு முழு மஞ்சளாகும் 4.4ஐத் தாண்டிவிடுகிறது. அங்கே திடீர் ஏற்றம் ஏறத்தாழ 7.5க்கும் 10க்கும் இடையில்தான் நிகழ்கிறது; அமிலமும் காரமும் சரியாக ஈடாகும் சமானப்புள்ளி 8.7. நடுநிலையாக்கல் என்றாலே 7 என்று வகுப்பு முழுவதும் நம்பியிருந்ததால், இந்த எண்ணை ஏற்க வைக்கத்தான் எனக்குப் பெரும்பாடு. அமிலம் முழுவதும் தீர்ந்தபின் மிஞ்சியிருக்கும் அசிட்டேட் அயனி, நீரிலிருந்து சிறிதளவு ஹைட்ரஜன் அயனியைப் பறித்துக்கொண்டு ஹைட்ராக்சைடை விட்டுவைக்கிறது என்று எழுதிக் காட்டிய பிறகே முணுமுணுப்பு அடங்கியது.

எனக்குக் கவலை தருவது வேறு. செய்முறைக் குறிப்பேட்டில் ‘நிறங்காட்டி: பினாப்தலின்’ என்று எல்லோரும் அழகாக எழுதியிருக்கிறார்கள், ஏன் என்று கேட்டால் ஒருவருக்கும் வாய் திறக்கவில்லை. சமானப்புள்ளி வினையால் முடிவாவது, முடிவுப்புள்ளி நம் கண் காண்பது. இரண்டும் ஒன்றையொன்று ஒட்டி வரவேண்டும் என்பதற்காகவே நிறங்காட்டியைத் தேர்ந்தெடுக்கிறோம். இதைச் சொல்லாமல் நிறத்தை மட்டும் மனப்பாடம் செய்யவைத்தால், தேர்வில் அமிலம் மாறும் நாளில் பிள்ளைகள் திணறத்தான் செய்வார்கள்.

வேறொரு மேசையில், இளஞ்சிவப்பு மறைந்துவிட்டது என்று மேலும் மேலும் காரத்தை விட்டுக்கொண்டிருந்தார்கள். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைவதால் நிறம் சற்று நேரத்தில் வெளுப்பது இயல்பு, அரை நிமிடம் நின்றால் போதும் என்று சொல்லித் தடுத்தேன். காரம் மிஞ்சி ரோஸ்மில்க் நிறமாகிப்போன உன் புகழ்பெற்ற குடுவை நினைவுக்கு வந்தது. யாருடையது என்று மட்டும் அவர்களிடம் சொல்லவில்லை.

அடுத்து அம்மோனியாவை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் தரம்பார்க்கவைக்கப் போகிறேன். அதன் சமானப்புள்ளி 5.3 என்பதால், பத்தில் ஒரு பங்கு அம்மோனியா மீதமிருக்கும்போதே பினாப்தலின் நிறமிழந்து ஏமாற்றிவிடும், 4.4 முதல் 6.2 வரை மாறும் மெத்தில் சிவப்புதான் அதற்குச் சரி. எங்கள் அலமாரியில் அது இல்லை. உங்கள் கல்லூரி ஆய்வகத்தில் அனுமதி பெற்று ஒரு சிறு புட்டி அனுப்ப முடியுமா? புட்டியின் மேல் பெயரைப் பெரிய எழுத்தில் ஒட்டி அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய மேசைத் தோழன்