பழைய இரட்டைக்குழல்: கடையிலா, வீட்டிலா?

ஆசிரியருக்கு,

வணக்கம். பழைய இங்கிலீஷ் இரட்டைக்குழல் துப்பாக்கி வாங்க நினைக்கிறவர்கள் முதலில் டீலரிடம்தான் போகிறார்கள். வீட்டில் வைத்திருப்பவரிடம் வாங்கினால் ஸ்டேஷன், கலெக்டர் ஆபீஸ் என்று அலைய வேண்டும் என்கிற பயம். நானும் அப்படித்தான் போனேன்.

கடையில் காட்டிய வெப்லி அண்ட் ஸ்காட் கம்பெனி துப்பாக்கி, குழலுக்குப் புதிதாகக் கருநீலம் ஏற்றிப் பளபளவென்று இருந்தது. கூட வந்த மச்சான் குழலுக்கு அடியில் உள்ள மரத்தாலான முன்கட்டையைக் கழற்றிவிட்டு, துப்பாக்கியை மூடியபடியே குலுக்கினார், லொடலொடவென்று ஆடியது, அதாவது பூட்டு தேய்ந்து தளர்ந்திருக்கிறது. குழலைத் தனியாகத் தொங்கவிட்டுச் சுண்டினால் மணி மாதிரி ஒலிக்க வேண்டும், இது விரிசல் விட்ட பானை மாதிரி டொக்கென்றது, அதாவது இரண்டு குழலுக்கும் நடுவில் உள்ள பட்டை விட்டுப்போயிருக்கிறது. எல்லாவற்றையும் விட மோசம், மெருகு போட்ட வேகத்தில் குழலின் அடியில் இருந்த பர்மிங்காம் சோதனை முத்திரை, அதாவது குழல் எவ்வளவு தாங்கும் என்று சோதித்துக் குத்திய அடையாளம், பாதி அழிந்துவிட்டது. பழைய கரிமருந்துக்கு மட்டும் சோதித்த குழலா, இப்போதைய புகையில்லாத நைட்ரோ மருந்தும் தாங்குமா, தோட்டா அறை இரண்டரை அங்குலமா இரண்டே முக்காலா என்பதையெல்லாம் அதில்தான் படிக்க முடியும். இரண்டரை அங்குல அறைக்குள்ளும் இப்போதைய 70 மி.மீ. (இரண்டே முக்கால் அங்குல) தோட்டா, வாய் மடித்திருப்பதால், சுலபமாகப் போய்விடும். ஆனால் சுடும்போது அந்த வாய் விரிய இடமிருக்காது, அழுத்தம் எகிறும்.

"பார்ட்டி நிறைய இருக்கு சார்" என்றார் கடைக்காரர்.

பில்லும் பதிவேடும் இருப்பது டீலரிடம் நல்ல விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் 1959 ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவிலேயே வழி இருக்கிறது: லைசென்ஸ்தாரர் தன் துப்பாக்கியை, அதை வாங்கத் தகுதியுள்ள இன்னொருவருக்கு விற்கலாம், கலெக்டருக்கோ பக்கத்துக் காவல் நிலையத்துக்கோ எழுதிக் கொடுத்துவிட்டு 45 நாள் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த 45 நாளைத்தான் எல்லோரும் தலைவலி என்கிறார்கள். எனக்கு அது வரம். துப்பாக்கி ரிப்பேர் தெரிந்த ஒருவரை அழைத்துப் போய் நிதானமாகப் பார்க்க எந்தக் கடையில் அவ்வளவு நாள் விடுவார்கள்?

அந்தச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பது இரண்டாகக் குறைந்த பிறகு, நல்ல துப்பாக்கிகள் பல வீடுகளிலிருந்து வெளியே வந்தன. தாத்தா இதில்தான் புலி சுட்டார் என்று சொல்லி விலையை ஏற்றுகிறவர்களும் உண்டு. புலிக்கெல்லாம் காசு கொடுக்காதீர்கள்.

இப்போது நான் பேசியிருப்பது ஓய்வு பெற்ற ஒரு எஸ்டேட் மேனேஜரிடம். நான் கேட்பதற்கு முன்பே குழலைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்து, இடது குழலில் உள்ள நசுங்கலை அவரே காட்டினார். போன வாரம் எழுதிக் கொடுத்தோம். இன்னும் 38 நாள் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பொள்ளாச்சி