பார்க்கன் மைதானத்தில் சுற்றி நின்றவர்களுக்கு

வணக்கம்.

உங்களில் யாருக்கும் என்னைத் தெரியாது. இந்த மடல் உங்கள் கைக்கு வந்து சேரும் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை, தமிழில் வேறு எழுதுகிறேன். ஆனாலும் டென்மார்க் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் ஒவ்வொரு முறை கார்னர் அடிக்கப் போகும்போதும் உங்கள் முகங்கள் நினைவுக்கு வருகின்றன. ஒருமுறையாவது சொல்லிவிட வேண்டும்.

2021 ஜூன் 12. இங்கே இரவு பத்து மணி தாண்டியிருந்தது. யூரோ கோப்பையில் டென்மார்க்கும் ஃபின்லாந்தும் கோபன்ஹேகனின் பார்க்கன் மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தன. இடைவேளைக்குச் சில நிமிடங்கள் இருந்தபோது த்ரோ-இன் பந்தை வாங்க வந்த எரிக்சன் அப்படியே முன்பக்கமாகச் சரிந்தார். யாரும் இடிக்கவில்லை, யாரும் காலைத் தட்டவில்லை. வயது 29.

நடுவர் ஆன்டனி டெய்லர் அவர்களே, முதல் நன்றி உங்களுக்கு. இங்கிலாந்து லீக் பார்க்கும் நாங்கள் உங்களை வாராவாரம் திட்டியிருக்கிறோம், இனியும் திட்டுவோம். ஆனால் அன்று சில நொடிகளில் விசிலை ஊதி மருத்துவர்களை உள்ளே அழைத்துவிட்டீர்கள். நடிக்கிறாரோ என்று நீங்கள் ஒரு நிமிடம் தயங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

டென்மார்க் கேப்டன் சிமோன் கியேர், நீங்கள் அப்போது ஏசி மிலான் கிளப், எரிக்சன் இன்டர் மிலான் கிளப். ஒரே ஊர், ஒரே மைதானம், தலைமுறை தலைமுறையாகத் தொடரும் போட்டி. அந்த ஆண்டு ஜனவரியில்தான் இத்தாலியக் கோப்பையில் 97-ஆவது நிமிடத்தில் ஒரு ஃப்ரீ கிக் அடித்து உங்கள் அணியை வெளியே அனுப்பியிருந்தார். நாட்டு அணியின் சட்டையில் அதெல்லாம் ஏது? முதலில் ஓடி வந்தவர்களில் நீங்கள் ஒருவர். பிறகு உங்கள் ஆட்களை அவரைச் சுற்றி மதிலாக நிறுத்தினீர்கள். கேமராக்கள் உள்ளே எட்டிப் பார்க்கத் துடித்துக்கொண்டிருந்தன. முதுகை அவர் பக்கம் திருப்பி, அழுதபடியே நின்ற அந்த இளைஞர்களை மறக்க முடியாது. மைதானத்துக்குள் ஓடி வந்த அவருடைய துணைவியை நீங்களும் கோல்கீப்பர் ஷ்மைக்கேலும் அணைத்துக்கொண்டீர்கள். ஆட்டம் மறுபடி தொடங்கியபோது உங்களால் தாங்க முடியவில்லை, பாதியில் வெளியே வந்துவிட்டீர்கள். கேப்டன் என்றால் கல்லாக நிற்க வேண்டும் என்று யார் சொன்னது? அதற்காகவும் உங்கள் மேல் எனக்கு மரியாதை.

அப்புறம் மருத்துவர்கள். அணி மருத்துவர் மோர்டன் போசன் மறுநாள் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: அவர் போய்விட்டிருந்தார், இதயத்தை மறுபடி துடிக்கவைக்க மின் அதிர்ச்சி கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டரின் ஒரே அதிர்ச்சியில் திரும்பி வந்தார். களத்தின் ஓரத்தில் பணியில் இருந்த ஜெர்மன் மருத்துவர் யென்ஸ் கிளைன்ஃபெல்டும் கூட நின்று உழைத்தார். பத்திரிகைகள் இதை அதிசயம் என்றன. எனக்கு அந்தச் சொல் பிடிக்கவே இல்லை. நெஞ்சை எவ்வளவு அழுத்த வேண்டும் என்று தெரிந்தவர்கள் அங்கே இருந்தார்கள், வேலை செய்யும் நிலையில் ஒரு கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒருபோதும் தேவைப்படாது என்று நினைக்கும் ஒன்றுக்காக வருடக்கணக்கில் பயிற்சி எடுத்தவர்களுக்குத்தான் என் நன்றி.

அந்த உயிரோடு எத்தனை வருட ஆட்டம் சேர்ந்து பிழைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். டென்மார்க்கின் மித்தல்ஃபார்ட் என்ற சிற்றூர்ப் பையன், ஓடென்சேயில் வளர்ந்து, 16 வயதில் நெதர்லாந்தின் அயாக்ஸ் கிளப்புக்குப் போனவர். 2010 உலகக் கோப்பையிலேயே வயதில் மிகச் சிறியவர். அயாக்ஸுடன் மூன்று லீக் பட்டங்கள். 2013-இல் இங்கிலாந்தின் டோட்டன்ஹாம் கிளப்புக்கு வந்தார், நான் அவரைப் பார்க்கத் தொடங்கியது அங்கேதான். 305 ஆட்டங்கள், 69 கோல்கள். தலையை நிமிர்த்தி ஒரு பார்வை, அவ்வளவுதான், பந்து ஓடுபவனின் காலுக்கு முன்னால் இருக்கும். கோப்பை மட்டும் கிடைக்கவில்லை. 2019 சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம் பற்றி என்னிடம் பேச வேண்டாம். இன்டருக்குப் போய் முதலில் பெஞ்சில் உட்கார்ந்தார், பிறகு பயிற்சியாளர் கான்டேயின் அணியில் இடம் பிடித்து 2021-இல் இத்தாலிய லீக் பட்டம் வென்றார். பட்டத்தை ஏறக்குறைய உறுதிசெய்த குரோட்டோனே ஆட்டத்தின் முதல் கோல் அவருடையது. ஆறே வாரங்களில் பார்க்கன்.

நெஞ்சில் ஐசிடி என்ற சிறு கருவியைப் பொருத்தினார்கள். இதயத் துடிப்பு ஆபத்தாகத் தடம் மாறினால் உள்ளிருந்தே அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும். இத்தாலிய விதிகளின்படி அந்தக் கருவியோடு அங்கே தொழில்முறை ஆட்டம் ஆட முடியாது. டிசம்பரில் இன்டருடனான ஒப்பந்தம் முடிந்தது. அவருடைய பழைய அயாக்ஸ் தோழர் டேலி பிளிண்ட் அதே மாதிரிக் கருவியோடு ஆடிக்கொண்டிருந்தார். பிளிண்ட், நீங்கள் முன்னால் நடந்துகாட்டியிராவிட்டால் எத்தனை கதவுகள் திறந்திருக்குமோ! பயிற்சிக்கு இடம் கொடுத்த ஓடென்சேக்கும் அயாக்ஸுக்கும் நன்றி. வேலை இல்லாமல் இருப்பவனிடம் 'வந்து ஓடிட்டுப் போப்பா' என்று சொல்வது சின்ன உதவியில்லை.

தாமஸ் ஃபிராங்க், உங்களுக்குத் தனியாக ஒரு கும்பிடு. டென்மார்க் சிறுவர் அணியில் அவரைப் பயிற்றுவித்தவர் நீங்கள். 2022 ஜனவரி கடைசியில் உங்கள் பிரென்ட்ஃபோர்ட் அவரை எடுத்தபோது அணி தோல்விமேல் தோல்வி கண்டுகொண்டிருந்தது. இரக்கத்துக்காக எடுத்த ஆள் போல நீங்கள் நடத்தவில்லை, பந்தை அவரிடம் கொடுத்து ஆடுங்கள் என்றீர்கள். பிப்ரவரி 26 அன்று அவர் மாற்று வீரராக இறங்கியபோது, பார்க்க வந்திருந்த நியூகாசில் ரசிகர்களும் எழுந்து கைதட்டினார்கள். பிரென்ட்ஃபோர்ட் 2-0 என்று தோற்றது. எந்த ஆட்டத்தில் தோற்றுவிட்டு நான் இவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கிறேன்?

ஒரு மாதம் கழித்து ஆம்ஸ்டர்டாமில் டென்மார்க்குக்காக இறங்கிய இரண்டு நிமிடத்துக்குள் கோல். மூன்றாம் நாள் பார்க்கனில், அதே புல்லில், கேப்டன் பட்டையோடு செர்பியாவுக்கு எதிராக இன்னொன்று. பிறகு மான்செஸ்டர் யுனைடெட், இரண்டு கோப்பைகள், கொஞ்சம் குறைந்துபோன வேகம், 2025-இல் ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்பர்க். இடையில் 2024 யூரோவில் ஸ்லோவேனியாவுக்கு எதிராக ஒரு கோல், விழுந்த நாளிலிருந்து எண்ணினால் 1,100 நாட்கள்.

கடைசியாக, ஃபின்லாந்து ரசிகர்களே. உங்கள் நாடு ஒரு பெரிய போட்டியில் ஆடிய முதல் ஆட்டம் அது. எத்தனை காலம் காத்திருந்து வந்திருப்பீர்கள்! ஒரு பக்கம் நீங்கள் 'கிறிஸ்டியன்' என்று கத்த, மறுபக்கம் டென்மார்க் ரசிகர்கள் 'எரிக்சன்' என்று கத்த, அரங்கம் முழுக்க ஒரே பெயர். உங்களுக்காகக் கோல் அடித்த போயன்பாலோகூடக் குதித்துக் கொண்டாடவில்லை. ஸ்ட்ரெச்சரை வெளியே கொண்டுபோகும்போது மறைத்துப் பிடித்த துணிகளில் உங்கள் வெள்ளை, நீலக் கொடிகளும் இருந்தன, நீங்கள் கொடுத்தவை. வாழ்நாளின் முதல் பெரிய ஆட்டத்துக்கென்று கொண்டுவந்த கொடியை எதிரணி ஆளுக்காகக் கழற்றிக் கொடுத்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. அது உங்களுக்குத் திரும்பக் கிடைத்ததா?

அன்புடன்,
டோட்டன்ஹாம் நாட்களிலிருந்து தொடரும் ஒரு ரசிகன்